முட்டைக்கரு, தங்க ரேக்கு, முயல்தோல் வச்சிரம்: பிளாரன்ஸ் பட்டறைக்கு 3 நாளா, 6 நாளா?

#1 கதிர்_மியூனிக்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பல வருஷமா வாசிச்சுட்டு மட்டும் போறவன், ஒரு சந்தேகத்தால முதல் தடவையா இழை திறக்கிறேன்.

போன வருஷம் பிளாரன்ஸ்ல உஃபிஸி அருங்காட்சியகம் போயிருந்தேன். ஒரே அறையில சிமபூவே, துச்சோ, ஜியோட்டோ மூணு பேரோட மாதா படங்களும் நிக்குது. ஒவ்வொண்ணும் மூணு மீட்டருக்கு மேல உயரம். வரைஞ்சு எழுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா நாம ஒரு அடி நகர்ந்தா படத்தோட தங்கப் பின்னணியில வெளிச்சமும் ஒரு அடி நகருது. அன்னிக்குப் பிடிச்ச கிறுக்கு இன்னும் விடலை. அக்டோபர்ல லீவு போட்டு அங்கேயே ஒரு பட்டறையில சேரலாம்னு இருக்கேன். ரெண்டு வழி கண்ணுல பட்டுது.

ஒண்ணு, 3 நாள். பலகை, வெள்ளைப் பூச்சு எல்லாம் தயாரா இருக்கும். தங்கம் ஒட்டி, முட்டை வண்ணத்துல ஒரு சின்ன தேவதை முகம் வரைஞ்சு முடிச்சுக் கையோட எடுத்துட்டு வரலாம்.

இன்னொண்ணு, 6 நாள். வெறும் மரப்பலகையில ஆரம்பம். "படம் முடியும்னு உத்தரவாதம் இல்லை"ன்னு அவங்களே முன்கூட்டி எழுதியிருக்காங்க. காசும் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

வீட்டம்மா சொல்றது: "ஆறு நாள் சுண்ணாம்பு அடிக்கவா இத்தாலி போறீங்க?" எனக்கு ஓவியப் பயிற்சின்னு பெருசா எதுவும் கிடையாது. ஸ்கூல்ல படிச்சதோட சரி. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

#2 ஓவியா_கும்பகோணம்

தம்பி, கண்ணை மூடிக்கிட்டு 6 நாளுக்குப் போங்க. ஏன்னு சொல்றேன்.

நான் தஞ்சாவூர்ப் படம் போடறவ. பதினெட்டு வருஷமா இதுதான் பிழைப்பு. நாலு வருஷம் முன்ன அக்கா பொண்ணைப் பார்க்க இங்கிலாந்து போனப்ப நாலு நாள் தங்க வேலைப் பட்டறை ஒண்ணுல உட்கார்ந்தேன். இடம் வேண்டாம். பலகை தயாரா வந்தது, பளிங்கு மாதிரி. தங்கம் ஒட்டினேன், தேய்ச்சேன், மின்னுச்சு, கை தட்டினாங்க. ஊருக்கு வந்து தனியா செஞ்சா ஒரு பலகை கூட உருப்படியா வரலை. ஒண்ணு வெடிச்சுது, ஒண்ணு மாவா உதிர்ந்தது, ஒண்ணு ஊசிக்குத்து மாதிரி ஓட்டை ஓட்டையா நின்னுச்சு. வித்தை முழுக்க அந்த வெள்ளைப் பூச்சுக்குள்ளதான் இருந்திருக்கு. அதை யாரோ நான் வர்றதுக்கு முன்னாடியே முடிச்சு வெச்சுட்டாங்க!

நம்ம வேலைக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லிடறேன். தஞ்சாவூர்ப் படத்துல பலகை மேல துணி ஒட்டி, சுக்கான் மாவும் பசையும் கலந்த மக்கைப் புடைப்பா வெச்சு, அது மேல ரேக்கை ஒட்டுவோம். நம்ம ரேக்கு கொஞ்சம் கனம், கையால எடுத்து வெட்டலாம். அங்கத்திய ரேக்கு அப்படி இல்லை. ஒரு மில்லிமீட்டர்ல பத்தாயிரத்துல ஒரு பங்கு. விரல் பட்டா விரலோடயே போயிடும். அதனால அணில் வால் முடி வெச்ச தட்டைத் தூரிகையைக் கன்னத்துல ஒரு தடவை தடவி, அந்தத் துளி எண்ணெய்ப் பசையில ரேக்கைத் தூக்கறாங்க. ஃபேன் போடக் கூடாது, தும்மக் கூடாது, பக்கத்துல இருக்கறவங்க சிரிக்கக் கூடாது.

ரேக்குக்கு அடியில போலோன்னு ஒரு செங்களிமண். வெண்ணெய் மாதிரி நைசா இருக்கும். அதை வச்சிரத்துலயோ (தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை) முட்டை வெள்ளையிலயோ குழைச்சு நாலைஞ்சு பூச்சு கொடுத்து, காய்ஞ்சதும் அகேட் கல்லால தேய்ச்சா தங்கம் தகடு மாதிரி ஆயிடும். தேய்க்கிறப்ப அடியில இருக்கிற வெள்ளையும் களிமண்ணும் லேசா அமுங்கிக் கொடுக்கணும். நம்ம மக்கு அப்படி அமுங்காது, அதான் நாம மெருகு தேய்க்கறதில்லை. பழைய படங்கள்ல தங்கம் தேய்ஞ்ச இடத்துல சிவப்பா தெரியும் பாருங்க, அது இந்தப் போலோதான்.

#3 பழையசோறு

குறுக்க பேசறேன்னு கோச்சுக்காதீங்க. பலகைக்கு வெள்ளை அடிக்கிறதை யூடியூப்ல சும்மாவே காட்றான். ஆறு நாள், விமானம், ஓட்டல் வாடகை எல்லாம் கொடுத்துப் போய் சுரண்டிட்டு உட்காரணுமா? இதெல்லாம் காசு உள்ளவங்க ஒரு வாரம் ஏழைத் தொழிலாளி வேஷம் கட்டுற விளையாட்டு. அந்தக் காலத்துல இதைச் செஞ்ச பையனுக்கு யாரும் பாராட்டுப் பத்திரம் கொடுக்கலை, பிடரியில ரெண்டு போட்டிருப்பாங்க.

#4 வேதியியல்_வாத்தியார்

பழையசோறு அவர்களின் கடைசி வரி ஏறக்குறைய சரி. 1400 வாக்கில் தொழில் நுணுக்கங்களைக் கைநூலாக எழுதி வைத்த சென்னினோ சென்னினி, ஓவியர் அக்னோலோ காடியிடம் 12 வருடம் இருந்தவர். அக்னோலோவின் தந்தை தாதேயோ, ஜியோட்டோவிடம் 24 வருடம். அதாவது கதிர் தம்பி பார்த்த அதே ஜியோட்டோ. இந்தக் கணக்கில் 3 நாளும் 6 நாளும் ஒன்றுதான், சண்டையே வேண்டாம்.

ஆனால் காணொளியே போதும் என்பதை ஏற்க மாட்டேன். முப்பத்தோரு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். வச்சிரம் எந்தச் சூட்டில் கெடுகிறது என்பதைப் படம் பார்த்து யாரும் கற்றதில்லை. கொதித்தால் பசைத்தன்மை போய்விடும். ஆறினால் கட்டி. நடுவில் ஒரு சூடு இருக்கிறது, அது விரலுக்குத்தான் தெரியும்.

என்னை இந்த விஷயத்தில் இழுத்தது வேறொன்று. பிளாரன்ஸில் ஓவியர்களுக்கென்று தனிச் சங்கம் கிடையாது. 14 ஆம் நூற்றாண்டில் அவர்கள் சேர்ந்திருந்தது மருத்துவர்கள், மருந்துச் சரக்கு வணிகர்கள் சங்கத்தில். கவிஞர் தாந்தே கூட அதில்தான் பதிவு செய்திருந்தார். காரணம் எளிது: வண்ணப் பொடி விற்றதே மருந்துச் சரக்குக் கடை. அந்தப் பட்டியலைப் பார்த்தால் நம்மூர் நாட்டு மருந்துக் கடை ஞாபகம் வரும். அவர்கள் சிவப்புக்குப் பாதரசமும் கந்தகமும் சேர்த்துச் செய்தது நம் சாதிலிங்கம். மஞ்சளுக்கு அரைத்தது அரிதாரம். கூத்துக்காரர்கள் முகத்தில் பூசியதால் வேஷப் பூச்சுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது, ஆனால் அது ஆர்சனிக். வாயில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள் என்று சென்னினியே எச்சரிக்கிறார். பட்டறைகளில் இப்போது இவற்றுக்குப் பதில் நச்சில்லாத பொடி கொடுக்கிறார்கள். அது ஏமாற்று அல்ல, புத்திசாலித்தனம். ஈய வெள்ளைக்குப் பதில் டைட்டேனியம் வெள்ளை கொடுத்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். டைட்டேனியம் குளிர்ந்த வெள்ளை, தோல் நிறத்தில் கலந்தால் சாக்பீஸ் வாடை அடிக்கும்.

நீல நிறத்துக்கு ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானிலிருந்து லாபிஸ் கல் வர வேண்டும். கல்லை அரைத்தால் மட்டும் போதாது, சாம்பல் நிறப் பொடிதான் மிஞ்சும். பொடியைப் பைன் பிசின், மஸ்தகி, மெழுகு சேர்த்த மாவில் பிசைந்து ஊறவிட்டு, பிறகு காரநீருக்குள் வைத்துப் பிசைய வேண்டும். நீலம் இறங்கி வரும், அழுக்கு மாவிலேயே தங்கிவிடும். முதல் பிசைவில் வருவதுதான் உயர்ந்த ரகம். 1485 இல் ஓவியர் கிர்லாந்தையோவுடன் அனாதைக் குழந்தைகள் இல்லம் போட்ட ஒப்பந்தத்தில், அவுன்ஸ் 4 ஃபுளோரின் (அந்த ஊர்த் தங்கக் காசு) விலையுள்ள நீலம்தான் பூச வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பேசியபடி பூசினாரா என்று இன்றும் போய்ச் சரிபார்க்கலாம். படம் பிளாரன்ஸில் அந்த இல்லத்தின் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. தம்பி, போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

#5 பாரிஸ்_பெடியன்

வணக்கம். நான் தங்க வேலை செய்யேல்லை, ஆனா கட்டட வேலைப் பட்டறையில நாலு நாள் நிண்டனான். பிரான்ஸில பர்கண்டிப் பக்கம் குவெதெலோன் எண்டு ஒரு இடம். 1997 இல துவங்கி, 13 ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒண்டை அந்தக் காலத்துக் கருவிகளாலயே கட்டிக்கொண்டு வருகினம். கல்லும் மரமும் களிமண்ணும் அந்தக் காட்டுக்குள்ளயே எடுக்கிறது. வெளியாக்களும் சில நாள் சேர்ந்து வேலை செய்யலாம். எங்கட குழுவில கதை எல்லாம் பிரெஞ்சிலதான், அது தெரியாட்டிக் கஷ்டம்.

முதல் நாள் கையில தந்தது ஒரு கயிறு. 13 முடிச்சு, 12 இடைவெளி. மூண்டு, நாலு, அஞ்சு எண்டு மடிச்சுப் பிடிச்சா மூலைமட்டம் வந்திடும். பள்ளிக்கூடத்தில பைதகரஸ் எண்டு நான் அடி வாங்கின கணக்கு! ரெண்டாம் நாள் சுண்ணாம்புச் சாந்து குழைச்சன். மூண்டாம் நாள் கல் கொத்தினது, பின்னேரம் கரண்டி பிடிக்கேலாமல் போச்சு. பாரந்தூக்கி ஒண்டு இருக்கு, எலிக்கூட்டுச் சக்கரம் மாதிரி, அதுக்குள்ள ஆள் நடந்துதான் கல்லை மேல ஏத்திறது. அதுக்குள்ள எங்களை விடேல்லை.

பழையசோறு அண்ணை வேஷம் எண்டு சொன்னதுக்கு ஒரு வார்த்தை. வேஷம் இருக்குத்தான். உடுப்பு எல்லாம் அந்தக் காலத்து மாதிரி, ஆனா காலில இரும்பு மூக்குச் சப்பாத்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. அதே நேரம், 2019 இல பாரிஸ் நோத்ர தாம் தேவாலயக் கூரை எரிஞ்சு போன பிறகு, மரங்களைக் கோடாலியால செதுக்கிச் சட்டம் செய்ய ஆள் தேடினபோது இந்தக் கோட்டையில பழகின தச்சர்மார் கொஞ்சப் பேரும் போனவை. 2024 டிசம்பரில கோயில் திறந்தாச்சு. விளையாட்டெண்டு துவங்கினது கடைசியில உதவினது.

#6 கதிர்_மியூனிக்

எல்லாருக்கும் நன்றி. 6 நாளுக்கே முன்பணம் கட்டிட்டேன். இனி வீட்ல திட்டு வாங்கறது என் பாடு.

ஒரு சங்கடமான கேள்வி. நாங்க சைவம். முட்டையைக் கூட எப்படியோ சமாளிச்சுடலாம். பொருள் பட்டியல்ல முதல் வரியே "முயல்தோல் பசை". அதுக்குப் பதிலா நம்ம புளியங்கொட்டைப் பசை, வேலம்பிசின் ஏதாவது போட முடியாதா அக்கா?

#7 ஓவியா_கும்பகோணம்

போடலாம், ஆனா வேற வேலை ஆயிடும். நான் முயற்சி பண்ணிப் பார்த்தவ. தச்சர் வெச்சிருந்த மாட்டுத்தோல் வச்சிரமும் இந்த முயல்தோலும் ஒரே ஜாதிதான், இது கொஞ்சம் மிருது. இதோட குணம் என்னன்னா, காய்ஞ்ச பிறகும் தண்ணி பட்டா உயிர் வரும். ரேக்கு வைக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி களிமண் மேல தண்ணி ஓட்டறோம் இல்லையா, அப்ப உள்ள இருக்கற வச்சிரம் இளகி ரேக்கை "சப்"புனு இழுத்துக்கும். எங்கயாவது கீறல் விட்டா வாயால ஹா-ன்னு ஊதி அந்த ஈரத்துலயே இன்னொரு துண்டு வெச்சிடுவாங்க. புளியங்கொட்டைப் பசைக்கு இந்தக் குணம் இல்லை. வேலம்பிசின்ல ரேக்கு ஒட்டும், ஆனா கல்லால தேய்க்கறப்ப பிய்ச்சுக்கிட்டு வந்துடும்.

தேய்க்கறதைப் பத்தியும் ஒண்ணு. சென்னினி காலத்துல நீலக்கல், மரகதம், மாணிக்கம் எல்லாமே மெருகுக்கல். அது வாங்க வக்கில்லாதவன் நாய்ப்பல், சிங்கப்பல், பூனைப்பல், மாமிசம் தின்னுற எந்த மிருகத்தோட பல்லா இருந்தாலும் சரின்னு வெச்சிருந்திருக்கான். சைவக்காரங்களுக்கு அந்தத் தொழில் அப்பவே தோது இல்லை தம்பி. கையுறை போட்டுக்கங்க.

#8 பழையசோறு

வாத்தியார் சார், இந்த நாட்டு மருந்துக் கடை சமாச்சாரம் மண்டையில ஏறிடுச்சு. விஷம் இல்லாத, வீட்ல செய்யக்கூடிய ஐட்டம் ஒண்ணு சொல்லுங்க. இத்தாலிக்கெல்லாம் நம்மால ஆகாது.

#9 வேதியியல்_வாத்தியார்

மை செய்யுங்கள். ஐரோப்பாவில் பல நூற்றாண்டு காலம் பத்திரமும் கடிதமும் எழுதிய மை அது. ஓக் மரத்தில் குளவி முட்டையிடும்போது விளையும் உருண்டைக் காய்தான் மூலப்பொருள். அதுவே நம் மாசிக்காய். கூடவே அன்னபேதி, வேலம்பிசின். மூன்றும் ஒரே கடையில் ஒரே பொட்டலத்தில் கிடைக்கும்.

அளவு 3:2:1. மாசிக்காய் 60 கிராம், அன்னபேதி 40, பிசின் 20. காயை உடைத்து அரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு வடிகட்டுங்கள். அன்னபேதியைப் போட்டுக் கலக்கி, கடைசியில் பிசின். இரும்புப் பாத்திரம் வேண்டாம், நல்ல உடுப்பும் வேண்டாம், கறை போகாது. ஊற்றுப் பேனாவில் நிரப்பிவிட்டு என்னைத் திட்டவும் வேண்டாம். அன்னபேதியை மட்டும் கூட்டாதீர்கள். மிஞ்சுகிற இரும்பு தாளையே அரித்துவிடும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவிலேயே ஓட்டை விழுந்த பழைய ஏடுகள் ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களில் உண்டு.

#10 பழையசோறு

பத்து நாள் கழிச்சு வர்றேன். கடைக்காரர் மாசிக்காய்னதும் தராசை வெச்சுக்கிட்டே, "பேரனா, பேத்தியா?"ன்னார். உரைமருந்துக்குன்னு நினைச்சுட்டார். அறுபது கிராம்னதும் முகம் மாறிடுச்சு. எத்தனை குழந்தைங்கன்னு கேக்கலை, அவ்வளவுதான்.

செஞ்சேன். வாத்து இறகு ஒண்ணைக் கூராக்கித் தொட்டு எழுதினா வெளிறிப் போன டீத்தண்ணி கலர்ல ஒரு கோடு. சரி, வாத்தியார் நம்மளை வெச்சுச் செஞ்சுட்டார்னு தாளை மேசையிலயே போட்டுட்டுத் தூங்கப் போயிட்டேன். காலையில பார்த்தா கன்னங்கரேல்னு இருக்கு. யாரோ ராத்திரி வந்து என் கையெழுத்து மேலயே திரும்ப எழுதின மாதிரி. காத்து பட்டுக் கறுக்குமாம், இதை முதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல சார்?

#11 வேதியியல்_வாத்தியார்

சொல்லியிருந்தால் காலையில் அந்த அதிர்ச்சி கிடைத்திருக்குமா?

#12 கதிர்_மியூனிக்

திரும்பி வந்தாச்சு. நீளமா எழுதப் போறேன், மன்னிச்சுக்கங்க.

முதல் நாள் பலகைக்கு வச்சிரத் தண்ணி, அது மேல பழைய லினன் துணி. பாப்ளர் மரம், இத்தாலியில அதான் வழக்கம், வடக்கே பிளாண்டர்ஸ் பக்கம் ஓக்காம். எதுக்குத் துணின்னு கேட்டேன். மரம் மழைக்கும் வெயிலுக்கும் வீங்கிச் சுருங்கும், அப்ப பூச்சு வெடிக்காம துணி தாங்கிக்குமாம்.

ரெண்டாம் நாள் முரட்டு ஜிப்சப் பூச்சு. மூணாம் நாள்தான் நைசு ரகம். ஜிப்சத்தை ஒரு மாசம் தண்ணியில போட்டு தினமும் கிண்டி, அதோட இறுகற குணத்தையே கொன்னுடறாங்க. (அந்த ஒரு மாசத்தை எங்களுக்காக வேற யாரோ கிண்டியிருந்தாங்க அக்கா, 6 நாள் பட்டறையிலயும் ஒளிவு மறைவு உண்டு.) குறைஞ்சது எட்டுப் பூச்சு, ஒரே நாள்ல, ஒண்ணு முழுசா காயறதுக்கு முன்னாடி அடுத்தது. ஆறாவது பூச்சுக்கு நான் சட்டியைச் சூடு ஏத்திட்டேன். ஓவியா அக்கா சொன்ன ஊசிக்குத்து ஓட்டை, அம்மைத் தழும்பு மாதிரி பலகை முழுக்க. அத்தனையும் சுரண்டிட்டு மறுபடி. சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் நான் ஒருத்தன்தான் இருந்தேன். சொல்லிக் கொடுத்த அம்மா பக்கத்துல உட்கார்ந்து ஆரஞ்சு உரிச்சுட்டு இருந்தாங்க, ஒரு வார்த்தை திட்டலை. அதான் ரொம்ப வலிச்சுது.

நாலாம் நாள் சுரண்டி வழவழப்பாக்கி, செங்களிமண். அஞ்சாம் நாள் தங்கம். இருபத்தஞ்சு ரேக்கு உள்ள புத்தகத்துல முதல் மூணு என் மூச்சுக்கே பறந்து சுருண்டுடுச்சு. சென்னினி காலத்துல ஒரு தங்கக் காசுல 145 ரேக்கு அடிச்சாங்களாம், 100க்கு மேல அடிக்கக் கூடாது, தட்டையான இடத்துக்குக் கனமா வேணும்னு அந்தாளு புலம்பியிருக்காராம். நானும் புலம்பினேன்.

தேய்க்கறதுக்கு எப்ப பதம்னு எப்படித் தெரியும்னா, காதுதான். கல்லால லேசா தட்டணும். ஈரம் இருந்தா "தொப்"னு ஊமைச் சத்தம். பதம் வந்தா "டிக்". நான் அவசரப்பட்டு ஒரு மூலையில தொப்லயே தேய்ச்சுட்டேன், தங்கம் களிமண்ணோட உரிஞ்சு வந்துடுச்சு. மத்த இடத்துல டிக் வந்தப்ப தேய்ச்சேன். மஞ்சளா, மங்கலா கிடந்தது அஞ்சாறு இழுப்புல இருண்டு போச்சு. ஆமா, இருண்டுதான் போகும்! கண்ணாடி மாதிரி ஆனதால எதிர்ல இருக்கறதைக் காட்டுது. அந்த அறையில மேல கறுப்பு உத்தரம் இருந்தது.

ஆறாம் நாள் முட்டை. மஞ்சள் கருவை உள்ளங்கையில மாத்தி மாத்தி உருட்டி ஈரம் போக்கி, தோலைப் பிடிச்சுத் தூக்கிக் கீழ ஒரு குத்து. சாறு கிண்ணத்துல, தோல் கையில. இளம் முகத்துக்கு டவுன் கோழி முட்டை, வெளிறின கரு. வயசானவங்க முகத்துக்கு நாட்டுக்கோழி. இதுவும் சென்னினி சொன்னதுதானாம், அங்க சிரிச்ச ஒரே ஆள் நான்தான். வண்ணம் தொட்டு வைச்ச சில நொடியில காய்ஞ்சுடுது, குழைச்சு இழைய விட முடியாது. மெல்லிசு மெல்லிசா கோடு கோடாத்தான் போடணும். முகத்துக்கு அடியில முதல்ல பச்சை நிற மண் பூசறாங்க, அது மேல ரோஸ். லண்டன் நேஷனல் கேலரியில மைக்கேலாஞ்சலோ பாதியில விட்ட படம் ஒண்ணு இருக்கு, அதுல இடது பக்க தேவதைங்க பச்சை மண்ணோட மட்டும் நிக்கறாங்கன்னு போட்டோ காட்டினாங்க. என் தேவதை பச்சையைத் தாண்டவே இல்லை. ஒரு காது மட்டும் முடிச்சேன். கடைசியில எல்லாத்தையும் வழிச்சுட்டேன், அசிங்கமா இருந்தது.

ஆக வீட்டுக்கு வந்தது வெறும் தங்கப் பலகை. உள்ளங்கை அளவு, ஒரு மூலை உரிஞ்சு, நடுவுல வழிச்ச தடத்துக்கு மட்டும் திரும்ப ரேக்கு வெச்சது. ஓவியா அக்கா, வழிச்ச இடத்துல ஊதி ஒட்டினதுதான், பிடிச்சுக்கிச்சு.

வாத்தியார் ஐயா, அந்த நீலத்தையும் பார்த்தேன். மாதாவோட போர்வை. ஒப்பந்தப்படிதான் பூசியிருக்கார் போல.

#13 பாரிஸ்_பெடியன்

படத்தைப் போடுங்கோ அண்ணை, ஒரு மூலை உரிஞ்சாலும் பரவாயில்லை. வீட்டில அக்கா என்ன சொன்னவ?

#14 கதிர்_மியூனிக்

முதல்ல, "இதுல படம் எங்க?"ன்னாங்க. ரெண்டு நாள் அது ஃபிரிட்ஜ் மேல கிடந்தது. வெள்ளிக்கிழமை பார்த்தா பூஜை அலமாரியில விளக்குக்குப் பின்னாடி சாய்ச்சு வெச்சிருக்காங்க. ஒரு திரி ஏத்தினா மூணு திரி மாதிரி வெளிச்சம் வருதாம். நானும் லைட்டை அணைச்சுப் பார்த்தேன். உஃபிஸியில டியூப் லைட் வெளிச்சத்துல பார்த்தது எல்லாம் பாதிதான்னு தோணிச்சு.

#15 பழையசோறு

எல்லாம் சரி தம்பி. பூஜை அலமாரியில இருக்கறது முயல்தோலுன்னு வீட்ல சொல்லிட்டீங்களா?

#16 கதிர்_மியூனிக்

இன்னும் இல்லை.